கேபிள் அறுந்தால் வைஃபை போகுமா?

ஜூலை மழையில் கூரைமேல் தொங்கும் கேபிள் ஒன்று அறுந்துவிட்டால் போதும், மும்பையில் தாராவி 90 அடி சாலை முதல் செம்பூர் செட்டா நகர் வரை எல்லா வீடுகளிலும் ஒரே குரல்தான் எழும்: "வைஃபை போயிடுச்சு!" கேபிள்காரருக்குப் போன் போகும். அவரும், "சாயங்காலத்துக்குள்ள வைஃபை வந்துடும்" என்பார். ஆனால் போனது இன்டர்நெட். வைஃபை எங்கும் போகவில்லை. அலமாரிமேல் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்குக் கரண்ட் இருக்கும்வரை, அது வீட்டுக்குள் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது.

கேட்க இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் வீட்டில் கிடக்கும் பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, அவற்றைக் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று இணைக்க நினைப்பவருக்கு, இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாகவே போவோம்.

தண்ணீரை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வருவது தினம் சில மணி நேரம்தான். அதைப் பிடித்து டிரம்மில் நிரப்பி வைக்கிறோம். டிரம்மிலிருந்து சமையலுக்கும் குளியலுக்கும் போவது நம் வீட்டுக் குழாய், நம் வீட்டுச் சொம்பு. மாநகராட்சி தண்ணீரை நிறுத்திவிட்டால் நம் வீட்டுக் குழாய் உடைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. டிரம்மில் இருப்பதை எடுத்துப் புழங்கிக்கொண்டுதான் இருப்போம். இன்டர்நெட் வெளியிலிருந்து வரும் வரத்து. வைஃபை வீட்டுக்குள் நாம் போட்டுக்கொண்ட குழாய். மாதம்தோறும் கட்டும் பணம் வரத்துக்கு மட்டும்தான். வீட்டுக் குழாய்க்கு யாருக்கும் வாடகை கிடையாது.

இரண்டும் வேறு வேறு காலத்தில் பிறந்தவை. வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. முதலில் கிடைத்த ஊர்களில் மும்பையும் சென்னையும் உண்டு. அன்று அது டெலிபோன் கம்பி வழியாக, மோடம் கத்தும் சத்தத்தோடு வந்தது. வைஃபை அப்போது இல்லவே இல்லை. இன்று நாம் அறிந்த வைஃபைக்கு அடித்தளமான 802.11பி என்ற தரம் வகுக்கப்பட்டது 1999-ல். அது எழுதப்பட்டது கணினிகள் கம்பியில்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக. அந்தப் பேச்சில் இன்டர்நெட் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இல்லாமல் இருந்தால் என்ன பயன் என்று உங்களுக்குத் தோன்றும். அதற்கு நல்ல பதில் நம் தேனியில் இருக்கிறது. 1976-ல் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் கிளை உண்டு. சுற்று வட்டாரக் கிராமங்களில் அதன் சிறு கண் பரிசோதனை மையங்கள் இருந்தன. அங்கே டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற பெண்கள் சோதனை செய்வார்கள். நோயாளியை டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறித் தேனிக்கு வர வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இருந்த ஆய்வுக் குழு, சாதாரண வைஃபை அட்டைகளையும், லினக்ஸில் ஓடும் கையடக்கக் கணினிப் பலகைகளையும், உயரமான கம்பங்களில் ஆன்டெனாக்களையும் வைத்து, இந்த மையங்களை மருத்துவமனையோடு நேரடியாக இணைத்தது. 2006-ல் ஐந்து மையங்கள் இணைந்திருந்தன. கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்ணைப் பற்றித் தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் அவரிடமே பேசினார். அந்தப் படமும் குரலும் மையத்திலிருந்து மருத்துவமனைக்கு வைஃபை அலையிலேயே நேராகப் போயின. நடுவில் இன்டர்நெட் தேவைப்படவில்லை.

குறுகிய தூரத்துக்காக எழுதப்பட்ட தரம் பல கிலோமீட்டர் போனது எப்படி? ஒரு செய்தி அனுப்பியதும், "கிடைத்தது" என்ற பதிலுக்காகக் கருவி மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். தூரம் கூடும்போது அந்தப் பதில் தாமதமாக வரும். வரவில்லை என்று நினைத்துக் கருவி மறுபடி மறுபடி அனுப்பும். அந்தக் காத்திருப்பு முறையையே அவர்கள் மாற்றி எழுதினார்கள். மாற்ற முடிந்ததற்குக் காரணம், உள்ளே ஓடியது லினக்ஸ். அதன் மூலநிரல் திறந்து கிடந்தது. அந்தக் குழுவில் இருந்த ஆய்வாளர்களில் ஒருவர் லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன். தேனியில் அவர்களை அதிகம் படுத்தியது அலையல்ல, கரண்ட். மின்னழுத்தம் ஏறி இறங்கிக் கருவிகள் எரிந்துபோயின. இதையும் அவர்கள் ஒளிக்காமல் 2008-ல் ஒரு கட்டுரையாகவே எழுதி வெளியிட்டார்கள்.

சரி, இனி நம் வீட்டுக்கு வருவோம். அலமாரிமேல் இருக்கும் பெட்டியைப் பார்ப்போம். பார்க்க ஒன்றாக இருந்தாலும் அது பல வேலைகளைச் செய்கிறது. கண்ணாடி இழையில் ஒளியாக வருவதை மின்சைகையாக மாற்றுகிறது. அதை வானொலி அலையாக வீட்டுக்குள் பரப்புகிறது. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு போனுக்கும் கணினிக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. யாருக்கு வந்த செய்தி எது என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. இந்தக் கடைசி வேலைதான் பெட்டிக்கு ரவுட்டர் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது. கேபிள் அறுந்தால் நின்றுபோவது முதல் வேலை மட்டும். மற்றவை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சேதி. லினக்ஸ் என்றால் புதிதாக ஏதோ நம் வீட்டுக்குள் வரப்போகிறது என்று நினைக்க வேண்டாம். அநேகமாக அது ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் உள்ளே லினக்ஸில்தான் ஓடுகின்றன. 2002 கடைசியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்றொரு நீலநிறப் பெட்டியை விற்கத் தொடங்கியது. அதற்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸை எடுத்துப் பொருளாக விற்பவர், கேட்பவருக்கு மூலநிரலைத் தர வேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனை. 2003-ல் அந்த நிரல் வெளியானது. அதைக் கையில் எடுத்து ஆர்வலர்கள் 2004-ல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. கம்பெனி கைவிட்ட பழைய ரவுட்டருக்கும் அதைப் போட்டுப் புது உயிர் கொடுக்கலாம். 2005-ல் இமாசலத்தின் தர்மசாலாவில் ஏர்ஜல்தி குழுவினர் மலைச்சரிவெங்கும் வைஃபை வலை விரித்ததும் இந்த வகைப் பெட்டிகளை வைத்துத்தான்.

இப்போது கணினி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத எத்தனையோ லேப்டாப்கள் நல்ல நிலையிலேயே மூலைக்குப் போய்விட்டன. அவற்றில் பல கடைசியில் தாராவி 13 காம்பவுண்டில் பங்கார் என்ற பழைய சாமான் மூட்டையாக வந்து இறங்கும். அந்த லேப்டாப்பில் 4 ஜி.பி. ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட் என்ற வகை தாராளமாக ஓடும். அதைவிடக் குறைவாக இருந்தால் லுபுண்டு போன்ற இலேசானது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நம் அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் உண்டு. தமிழில் திரையைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது ஏற்றது.

எதையும் அழிக்காமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம் என்பது லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த வசதி. ஒரு பென் டிரைவில் அதை எழுதி, அந்தப் பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். பழைய விண்டோஸ் உள்ளே தொடாமல் அப்படியே இருக்கும். திரையின் ஓரத்தில் வைஃபை அடையாளம் வருகிறதா, பக்கத்து வீட்டு வைஃபை பெயர்களெல்லாம் பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உங்கள் கணினியின் வைஃபை அட்டையை லினக்ஸ் அறிந்துகொண்டது. இனி நிதானமாக நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளலாம்.

தெரியாவிட்டால் அங்கேயே நின்று பார்க்க வேண்டும். லினக்ஸைக் கைவிடுகிறவர்களில் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டையோடு பேச, டிரைவர் என்ற சிறு நிரல் வேண்டும். பல அட்டைகளுக்கு ஃபர்ம்வேர் என்ற இன்னொன்றும் வேண்டும்; அது அட்டைக்குள்ளேயே ஏற்றப்படும் நிரல், அதைத் தருவது அட்டையைச் செய்த கம்பெனி. இன்டெல், அதெரோஸ் அட்டைகள் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. பிராட்காம் அட்டைகளும் ரியல்டெக்கின் சில அட்டைகளும் பிடிவாதம் பிடிக்கும். டெபியன் என்ற லினக்ஸ் வகையைத் தரும் அமைப்பு நெடுங்காலமாக, மூலநிரல் தராத ஃபர்ம்வேர்களைத் தன் நிறுவல் தொகுப்பில் சேர்ப்பதில்லை என்ற கொள்கையோடு இருந்தது. 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பில்தான் அவற்றைச் சேர்த்தது. பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்து "லினக்ஸில் வைஃபை வராது" என்று முடிவுகட்டியவர்கள் புதிய பதிப்பில் ஒருமுறை பார்க்கலாம்.

அட்டைக்கு வேண்டிய டிரைவரை இன்டர்நெட்டில்தான் எடுக்க வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும், வைஃபைக்கு டிரைவர் வேண்டும். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ஓர் எளிய வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. வயரால் கணினியில் செருகி, போனில் யு.எஸ்.பி. டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு மின்ட், உபுண்டு என்ற இரு லினக்ஸ் வகைகளிலும் இருக்கும் டிரைவர் மேலாளரைத் திறந்தால், வேண்டியதை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். அதிலும் சரிவரவில்லை என்றால் லாமிங்டன் ரோட்டில் சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. வைஃபை குச்சி கிடைக்கும். வாங்கும்போது, லினக்ஸ் கருவிலேயே டிரைவர் உள்ள சில்லு எது என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். கடைக்காரரிடம் பெட்டியில் உள்ள பெயரைவிடச் சில்லின் பெயரைக் கேட்பது முக்கியம். ஒரே பெயரில், ஒரே அட்டைப்பெட்டியில், உள்ளே வேறு வேறு சில்லுகள் வருவது உண்டு. இன்னொன்று: சில லேப்டாப்களில் வைஃபையை அணைக்க ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அது அணைந்து கிடந்தால் எந்த டிரைவரும் உதவாது. அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

பட்டியலில் நம் வைஃபை பெயர் வந்ததும் அதைத் தொட்டு பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டியதுதான். உள்ளே நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ரவுட்டரிடம் "எனக்கு ஓர் எண் கொடு" என்று கேட்கும், ரவுட்டர் 192.168.1.7 மாதிரி ஓர் எண்ணைக் கொடுக்கும். இந்த 192.168 என்று தொடங்கும் எண்கள் எல்லாம் வீட்டுக்குள் மட்டும் புழங்குவதற்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டவை. அதே 192.168.1.7 உங்கள் எதிர்வீட்டிலும் இருக்கும், திருநெல்வேலியிலும் இருக்கும், டொரண்டோவிலும் இருக்கும். ஒவ்வொரு வீட்டு வலையும் தனித்தனி என்பதால் குழப்பம் வருவதில்லை. ரவுட்டருக்கும் ஓர் எண் உண்டு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1.

இங்கே நம் முதல் கேள்விக்குத் திரும்பலாம். இப்போது அதைச் சோதித்தே பார்க்க முடியும். லினக்ஸில் டெர்மினல் என்ற கறுப்புச் சாளரத்தைத் திறந்து, 'பிங்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு ரவுட்டரின் எண்ணைக் கொடுங்கள். பிங் செய்வது ஒரே வேலை: "இருக்கிறாயா?" என்று கேட்டு, பதில் வர எத்தனை மில்லிநொடி ஆனது என்று சொல்லும். ரவுட்டரிடமிருந்து பதில் வந்தால் உங்கள் வைஃபை நலம். அடுத்து வீட்டுக்கு வெளியே உள்ள ஓர் எண்ணைக் கேளுங்கள், 8.8.8.8 என்பது கூகுள் நடத்தும் பொதுச் சேவை, எளிதில் நினைவிருக்கும். ரவுட்டர் பதில் சொல்லி இது பதில் சொல்லவில்லை என்றால் கோளாறு வெளியே, கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். இதுவும் பதில் சொல்லி, ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் தவறுகிறது என்றால், பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். சேவையில்தான் சிக்கல். அதை வீட்டிலிருந்தபடியே மாற்றிக்கொள்ளலாம். முதல் பிங்கே தவறினால் மட்டும்தான் வைஃபையைக் குறை சொல்ல நியாயம் உண்டு.

திரையில் தெரியும் சிக்னல் கோடுகளும் இதே குழப்பத்தைத்தான் வளர்க்கின்றன. "நாலு கோடும் நிறைய இருக்கு, ஆனா யூடியூப் சுத்திக்கிட்டே இருக்கு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கோடுகள் சொல்வது உங்கள் லேப்டாப்புக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே உள்ள அலையின் வலுவை. பெட்டிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. வேகமான பிளானுக்கு மாறினால் கோடு கூடாது. ரவுட்டரைப் பக்கத்தில் நகர்த்தினால் கேபிள் வேகம் கூடாது.

பெட்டியை எங்கே வைப்பது என்பது மும்பையில் வீட்டுக்கு வீடு மாறும். மாட்டுங்காவில் ஐந்து தோட்டம் பக்கத்துப் பழைய கட்டடங்களின் சுவர்கள் கனமானவை. ஓர் அறை தாண்டினாலே அலை மெலிந்துவிடும். செம்பூரின் புதிய அடுக்குமாடிகளில் சுவரைவிட அதற்குள் இருக்கும் கம்பிதான் தடை. தாராவியில் கோலி என்ற பத்துக்குப் பத்து அறை வீட்டில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் மேலே மாலா என்ற தட்டுத்தளம் போட்டு, நடுவில் பத்ரா என்ற இரும்புத் தகடு இருந்தால், கீழே வைத்த ரவுட்டரின் அலை அந்தத் தகட்டில் பட்டுத் திரும்பிவிடும். மேலே படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்காது. ஏணி ஏறும் வாய் பக்கம், தகட்டின் மறைவில்லாத இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் நிரம்பிய டிரம்முக்குப் பின்னால் ஒருபோதும் வைக்காதீர்கள். வைஃபை அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்.

தாராவியின் உண்மையான சிக்கல் நெரிசல். வைஃபை புழங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை 2005 ஜனவரியில் அரசு உரிமமின்றி யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அந்தப் பட்டை குறுகலானது. ஒன்றோடொன்று மோதாமல் அதில் பேச மூன்று தடங்கள்தான் உண்டு: 1, 6, 11. ஒரு சந்தில் நாற்பது ரவுட்டர்கள் இருந்தால் நாற்பதும் இந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். வைஃபை கருவி பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். வேறு யாராவது அதே தடத்தில் பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். அதனால்தான் இரவு ஒன்பது மணிக்கு எல்லா வீட்டிலும் சீரியல் ஓடும்போது, உங்கள் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கே போகும் கோப்புகூட நகர மறுக்கிறது. நெட்வொர்க்மேனேஜரின் கட்டளை ஒன்றிலேயே அக்கம்பக்க வைஃபைகள் எந்தத் தடத்தில், எவ்வளவு வலுவில் இருக்கின்றன என்று பட்டியல் பார்க்கலாம். ஆள் குறைந்த தடத்துக்கு ரவுட்டரை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றையும் விட்டு 3, 4 என்று நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் சேர்ந்து வரும். நமக்கும் நஷ்டம், பக்கத்து வீட்டுக்கும் நஷ்டம். இதற்கு நல்ல தீர்வு 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை. அதில் தடங்கள் அதிகம். சுவரை அதிகம் தாண்டாது என்பது அதன் குறை. நெருக்கமான சந்தில் அதுவே நிறை, பக்கத்து வீட்டுச் சத்தம் நம்மிடம் வராது. உங்கள் பழைய லேப்டாப்பின் பட்டியலில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் வரவே இல்லை என்றால் அந்த அட்டை 2.4-க்கு மட்டும் செய்யப்பட்டதாக இருக்கலாம். லினக்ஸைக் குறை சொல்ல வேண்டாம்.

வைஃபைக்குப் போடும் பூட்டைப் பற்றியும் பேச வேண்டும். அதில் நம் மாட்டுங்காவும் செம்பூரும் வருகின்றன. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. அதையொட்டி ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்திருந்தது. அதன் ஐ.பி. எண்ணைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், நவி மும்பை சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த பிளாட்டில் போய் நின்றது. அவர் அனுப்பவில்லை. பாஸ்வேர்ட் இல்லாத அவர் வீட்டு வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஆகஸ்டில் வந்த இன்னொரு மின்னஞ்சல் மாட்டுங்கா கால்சா கல்லூரியின் வைஃபை வழியாகப் போயிருந்தது. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பை ஒட்டி வந்தது, செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபை வழியாக. 2009 ஜனவரியில் மும்பை போலீஸ் தெருத்தெருவாகப் போய்ப் பூட்டாத வைஃபைகளைத் தேடியது. பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறையும் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது.

போலீஸ் ஏன் அந்த வீட்டுக் கதவைத் தட்டியது? வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு என்று பார்த்தோம். அந்த எண் ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை. வெளியே போகும்போது எல்லாக் கருவிகளின் பேச்சும் அந்த இணைப்புக்கு உரிய ஒரே பொது எண்ணில்தான் போகும். வெளியுலகுக்குத் தெரிவது இணைப்பு யாருடையது என்பது மட்டும். உள்ளே எந்தக் கணினி, எந்த ஆள் என்பது தெரியாது. அதனால் உங்கள் வைஃபைக்குள் வரும் ஒவ்வொருவரும் வெளியே உங்கள் பெயரில் நடமாடுகிறார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற பூட்டு முறையைத் தேர்ந்தெடுத்து, நீளமான பாஸ்வேர்டை வையுங்கள். போன் நம்பரையும் பிள்ளை பெயரையும் வைக்க வேண்டாம். பொத்தானை அழுத்தினால் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சோதிப்பதால், சுமார் 11,000 முயற்சிகளில் திறந்துவிடலாம் என்று 2011-லேயே தெரிந்துவிட்டது. ரவுட்டருக்குள் நுழையும் 'அட்மின்' பாஸ்வேர்டையும் மறக்காமல் மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்தால் கையில் கிடைப்பது என்ன? பழைய கணினி ஒன்றைக் கறிகாய்க் கூடைக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் ஓடவிட்டு, அதில் சாம்பா என்ற நிரலைப் போட்டால், வீட்டில் உள்ள எல்லோருடைய படங்களும் கோப்புகளும் ஓரிடத்தில் சேரும். லினக்ஸ், விண்டோஸ், போன் எல்லாவற்றிலிருந்தும் எடுக்கலாம். பிரிண்டரை அதில் மாட்டினால் கப்ஸ் என்ற நிரல் அதை எல்லோருக்கும் பொதுவாக்கும். அந்தக் கணினியின் எண் நாளுக்கு நாள் மாறாதபடி ரவுட்டரில் நிலையாக ஒதுக்கிவிடுங்கள். ஒரு கணினி இன்னொன்றைப் பார்க்க மறுத்தால், நீங்கள் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். அதில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள்.

இவை எல்லாவற்றிலும் நான் மிகவும் விரும்புவது கிவிக்ஸ். விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்து, வீட்டு வலைக்குள்ளேயே பரிமாறும் நிரல் அது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. படங்கள் இல்லாத தொகுப்பு ஒரு சாதாரணப் பென் டிரைவில் அடங்கிவிடும். நெட் இருக்கும் நாளில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் டிரம் நிறைந்த மாதிரி. பிறகு கேபிள் அறுந்தாலும், பிளான் முடிந்தாலும், பிள்ளைகள் போனில் அந்தக் கணினியின் எண்ணைக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். ரவுட்டரே இல்லாத வீட்டிலும் இது முடியும். பெரும்பாலான லேப்டாப்களை லினக்ஸ் ஹாட்ஸ்பாட்டாக மாற்றிவிடும். சந்தில் உள்ள பத்துப் பிள்ளைகளின் போன்கள் அதில் சேர்ந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் தமிழில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள நல்ல இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. பவாயில் உள்ள ஐ.ஐ.டி. பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், லினக்ஸ் உள்ளிட்ட திறந்தநிலை மென்பொருள்களைச் சிறு சிறு வீடியோ பாடங்களாகத் தமிழ்க் குரலிலும் தருகிறது. இலவசம். இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலும் பார்க்கலாம். வீட்டு மூலையில் தூசி படிந்த லேப்டாப் இருந்தால், அதைப் பங்கார்வாலாவிடம் எடைக்குப் போடும் முன், ஒரு பென் டிரைவோடு பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள்.